புள்ளி என்றால் நில்

மீட்டர் என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் பாதி. பாதி என்பதும் வைத்த பெயர்தான். அதை அவனே தனக்கு வைத்துக்கொண்டான். இடது கண்ணில் ஒன்றும் தெரியாது. வலது கண்ணில் மங்கலாகத் தெரியும். கிட்டே வந்தால் நிறம் தெரியும், மூக்கோடு ஒட்டி வைத்தால் எழுத்தும் தெரியும். "கண்ணு தெரிஞ்சவங்க கணக்குலயும் நான் இல்ல, தெரியாதவங்க கணக்குலயும் இல்ல. பாதின்னே கூப்பிடுங்க, சண்டை தீர்ந்துடும்" என்பான். அவளோ ஆறு வயதில் வந்த காய்ச்சலில் பார்வையை முழுசாகத் தொலைத்தவள். கல்லூரி வாசலிலிருந்து வகுப்புக்கு நூற்றுப் பன்னிரண்டு எட்டு, வகுப்பிலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு முப்பத்தெட்டு என்று எதைக் கேட்டாலும் கணக்குச் சொல்வாள். ஆட்டோ மீட்டர்கூடப் பொய் சொல்லும், இவள் சொல்ல மாட்டாள் என்று பாதி ஒரு நாள் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் ஊர் பஸ் நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நடைமேடைகள், பெரிய கூரை, தூண் தூணாக விளம்பரத் திரைகள். பொதுக் கட்டடம் எதுவானாலும் பார்வையில்லாதவர்கள் வழி கண்டுபிடிக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கோ ஒரு வரி இருந்ததால், நகராட்சி அலுவலகம் அதற்கென்று ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தியது. முப்பது வயதுப் பெண். மற்றவர்களாக இருந்தால் தன் மேஜையில் உட்கார்ந்தே வரைந்து கொடுத்திருப்பார்கள். இவள் கல்லூரிக்கு வந்து, பார்வை இல்லாத, பார்வை குறைந்த மாணவர்கள் பதினொரு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

முதல் நாள் அவள் கொண்டுவந்தது, விரலால் தடவிப் படிக்கிற மாதிரி செய்த பஸ் நிலைய வரைபடம். சாலைக்கு உப்புத்தாள், நடைமேடைக்கு வெல்வெட், கழிப்பறைக்கு ரப்பர், கடைகளுக்குச் சாக்குத்துணி என்று பதினான்கு விதமாக ஒட்டியிருந்தாள். ராத்தூக்கம் கெட்டுச் செய்தது என்பது குரலிலேயே தெரிந்தது. மீட்டர் இரண்டு கையாலும் மேலிருந்து கீழ்வரை தடவினாள். மறுபடி தடவினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது படம் இல்ல, படை."

"என்னது?"

"படை, சொறி, சிரங்கு எல்லாம் ஒரே இடத்துல வந்த மாதிரி இருக்கு. இதுல எது டிக்கெட் கவுன்ட்டர், எது கக்கூஸ்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள பஸ் போயிடும்."

வகுப்பே சிரித்தது. பிறகு குப்பைக்கூடை நகரும் சத்தமும், அதற்குள் கனமாக ஏதோ விழும் சத்தமும் கேட்டது. "சரி. நாளையிலேர்ந்து நீங்க சொல்லுங்க, நான் ஒட்டறேன்" என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது.

நாலு மாதம் வேலை நடந்தது. களிமண், நூல், தோல் பட்டறையில் வாங்கின ரிவெட்டுகள், தீர்ந்துபோன பேனா மூடிகள் என்று வகுப்பறை மேஜை முழுக்கக் குவிந்து கிடந்தது. படத்தில் என்னென்ன வேண்டும் என்பதில் தினமும் அடிதடி. கடைசியில் ஐந்தே ஐந்து அடையாளங்கள் நின்றன: வாசல், டிக்கெட், கழிப்பறை, விசாரணை, நடைமேடை. 'நீங்கள் நிற்கும் இடம்' என்பதற்கு ஒரு பெரிய குமிழ். படம் இடுப்பு உயரத்தில் சாய்வாக இருக்க வேண்டும், குட்டையானவர்களும் முழங்கை மடக்காமல் தடவ வேண்டும் என்று ஒவ்வொருவர் கையையும் அளந்து எழுதிக்கொண்டாள் அக்கா.

படத்தைவிடத் தரைதான் முக்கியம். வாசலிலிருந்து நடைமேடை வரை பதிக்கும் கற்கள் இரண்டே வகை. நீளவாக்கில் நாலு மேடுகள் ஓடுகிற கோட்டுக் கல். அது கால் போகும் திசையைக் காட்டும், போகலாம் என்று அர்த்தம். வட்ட வட்டமாகப் புடைத்த புள்ளிக் கல். அது வந்தால் நிற்க வேண்டும். முன்னால் படியோ, திருப்பமோ, நடைமேடையின் விளிம்போ இருக்கும். இதில் பாதி ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. "சாம்பல் தரையில மஞ்சள் கல்லு வேணும். காலால தடவறவங்க இருக்காங்க, என்னை மாதிரி அரைகுறையா பார்த்துட்டே போறவங்களும் இருக்காங்க. எங்களையும் மறந்துடாதீங்க." அதையும் எழுதிக்கொண்டாள்.

மீட்டரின் அப்பா டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷமாகத் தரையோடு தரையாக வேலை செய்து முழங்கால் இரண்டும் காய்த்துப்போயிருந்தன. அந்தப் பஸ் நிலையத்திலேயே, கான்ட்ராக்டரின் கீழ் அவருக்கு வேலை. மகள் இப்படி ஒரு காரியத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பலகையில் சிமென்ட் குழைத்து, புள்ளிகளை நெருக்கியும் தள்ளியும், மேட்டை ஏற்றியும் இறக்கியும் ஒன்பது மாதிரிகள் செய்து வீட்டு நடையில் வரிசையாகப் பரப்பினார். அவள் வெறுங்காலோடு நடந்தாள், செருப்போடு நடந்தாள், அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் தடித்த செருப்புக்கு வெறும் சொரசொரப்பாகத்தான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கப்பா. ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் நடுவுல என் கட்டைவிரல் உக்காரணும்."

அவரும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்தார். மூன்றாவது பலகையில் தடுக்கி பீரோவில் போய் மோதினார். தையல் மெஷினிலிருந்து நிமிராமலே அம்மா, "வீட்டுல ஒருத்தி போதும். நீங்களும் கிளம்பிடாதீங்க" என்றாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"கோடுன்னா போ, புள்ளின்னா நில். சரிதானே கண்ணு?" என்றார் அப்பா.

"அவ்ளோதான்ப்பா. இதுல எதையும் மாத்திடக்கூடாது."

வரைபடத்தையும் அளவுகளையும் ஒப்படைத்த அன்று நகராட்சிப் பொறியாளர் தன் அறைக்கு எல்லோரையும் அழைத்தார். நாற்காலி போடச் சொன்னார், குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார், "அருமை, அருமை" என்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சேர்ந்து நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது மீட்டர்தான் கேட்டாள்.

"சார், கல்லு வந்ததும், பதிக்கறதுக்கு முன்னாடி எங்களை ஒரு தடவை கூப்பிடுவீங்களா? கால் வச்சுப் பார்த்துச் சொல்லிடறோம்."

"கண்டிப்பாம்மா. உங்களைக் கூப்பிடாம செய்வோமா?"

கூப்பிடவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. அக்கா போன் செய்தால் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள்; அலுவலகத்துக்கு நேரில் போனால், உங்கள் வேலைதான் முடிந்துவிட்டதே என்றார்கள். வீட்டிலோ அப்பா வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருந்தபோது, முதல் ஆறு நடைமேடைகளில் பஸ்கள் வந்துபோகத் தொடங்கிவிட்டன என்று பாதி சேதி கொண்டுவந்தான். வகுப்பு முடிந்த கையோடு இருவரும் கிளம்பினார்கள். அவள் கையில் வெள்ளைக் கோல், அவன் கையில் பூதக்கண்ணாடி.

வாசலில் நுழைந்ததும் பாதி நின்றான்.

"மீட்டர், நம்ம படம் இருக்கு."

"எங்க? கையைக் காட்டு."

"கை எட்டாது. எனக்கே எட்டாது. சுவத்துல மேல மாட்டியிருக்காங்க. கண்ணாடிப் பெட்டி போட்டு, பூட்டு போட்டு, உள்ள லைட் வேற எரியுது. நகைக்கடை மாதிரி இருக்கு."

அவள் கோலை உயர்த்தினாள். நுனி கண்ணாடியில் பட்டு டங்கென்றது. உடனே காவலாளியின் செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"ஏம்மா ஏம்மா, தொடாதீங்க! கீறல் விழுந்தா என்னைத்தான் கேப்பாங்க."

"அண்ணே, இது தொடறதுக்குத்தான் வச்சிருக்கு" என்றான் பாதி.

"தொடறதுக்கா? படத்தை எதுக்குத் தொடணும்? பார்த்தாப் போதாதா?" என்று கேட்டவர் அப்போதுதான் கோலைக் கவனித்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு என்னம்மா தெரியும். கை பட்டா அழுக்காயிடும், மூடி வைங்கன்னு மேல சொன்னாங்க."

மீட்டர் காலால் தரையைத் தேடினாள். காலடியில் புள்ளி தட்டுப்பட்டது. வாசல் அல்லவா, சரி. அடுத்த எட்டிலும் புள்ளி. திருப்பமாக இருக்குமோ என்று கோலால் இருபக்கமும் தட்டினாள், திருப்பம் இல்லை. இன்னும் ஓர் எட்டு வைத்தாள், புள்ளி. பத்து, இருபது, முப்பது எட்டு. எல்லாமே புள்ளி.

"பாதி, கோட்டுக் கல்லே இல்லையா?"

"எனக்குக் கல்லே தெரியல. தரையும் சாம்பல், கல்லும் சாம்பல். மஞ்சளாவது, மண்ணாவது."

நில், நில், நில் என்று தரை சொல்லிக்கொண்டே இருக்க, அவள் நடந்தாள். முப்பத்தாறாவது எட்டில் முழங்காலுக்குக் கீழே இரும்பு பெஞ்சு இடித்தது. வழியின் மேலேயே போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர், "பார்த்து வாம்மா" என்றார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு சுற்றிப் போய் மறுபடி வழியைப் பிடித்தாள். புள்ளி, புள்ளி, புள்ளி. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய கல், எல்லா இடத்திலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் யார் நிற்பார்கள்? அடுத்த காலைத் தூக்கி வைத்தபோது கீழே ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து பாதி அவள் பையைப் பிடித்துச் சுண்டி இழுத்தான். முகத்தில் வெப்பக் காற்று அடித்தது. ரிவர்ஸ் வந்த பஸ், அவள் கோலைச் சக்கரத்துக்கடியில் போட்டு நொறுக்கிவிட்டு நின்றது.

டிரைவர் இறங்கிவந்து கத்தினார். பயந்துபோய்த்தான் கத்துகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. உடம்பு நடுங்கியது. அது பயத்தால்தான் என்று முதலில் நினைத்தாள். வெளியே வந்து, பாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக நகராட்சி அலுவலகம் என்று சொன்னபோதுதான் வேறு என்று தெரிந்தது.

பொறியாளர் அன்று தண்ணீர் கொடுக்கவில்லை. நடந்ததை அவள் சொல்லி முடிக்கும்வரை ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா ஓடும் சத்தம் நிற்கவே இல்லை.

"கொஞ்சம் பொறுமையா பேசும்மா. ரெண்டு விதமா, அதுவும் மஞ்சள்ல போட்டா, அவ்ளோ பெரிய தரையில கண்ணை உறுத்தும். ஒரே மாதிரி இருந்தா லட்சணமா இருக்குன்னு எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணோம்."

"யாரு கண்ணை சார் உறுத்தும்?"

பேனா நின்றது.

"நாலு மாசம் நாங்க உக்காந்து செஞ்சோம் சார். கோடுன்னா போ, புள்ளின்னா நில். பதினொரு பேர் கால் தேயத் தேய நடந்து பார்த்து எழுதிக் குடுத்தோம். அதுல ஒரு வரியாவது படிச்சீங்களா?"

"இதோ பாரு, இதுவரைக்கும் எதுவுமே இல்லாமதானே போயிட்டு வந்துட்டு இருந்தீங்க? இப்போ உங்களுக்குன்னு இவ்ளோ செஞ்சிருக்கோம். ஒரு நன்றி கிடையாது, குத்தம் சொல்ல மட்டும் வந்துட்டீங்க."

"ஒண்ணும் இல்லாதப்போ சுவத்தைப் பிடிச்சுட்டு ஜாக்கிரதையா போனோம். இப்போ உங்க கல்லை நம்பிப் போனேன், செத்திருப்பேன்."

"அப்படீன்னா பதிச்சதுல ஏதோ தப்பு நடந்திருக்கு" என்றார் பொறியாளர். குரல் சட்டென்று வேறு தடத்தில் ஏறியது. "கல்லு பதிக்கறவனுங்களுக்குப் படிப்பு கிடையாது, ஒண்ணு சொன்னா ஒண்ணு பண்ணுவானுங்க. மேஸ்திரி யாருன்னு விசாரிக்கிறேன். நீ விழாவுக்கு வா. தலைவர் முன்னாடி நீதான் நடந்து காட்டணும்னு பேர் குடுத்திருக்கேன்."

மேஸ்திரி யார் என்று அவளுக்குத் தெரியும். வீடுவரை பாதி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். ஒன்றும் காதில் ஏறவில்லை.

அப்பா நடையில் வாளித் தண்ணீரோடு உட்கார்ந்து, சிமென்ட் பூசும் கொலுறைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"பஸ் நிலையத்துல வழிக்கல்லு பதிச்சது யாருப்பா?"

கொலுறு தண்ணீருக்குள் போய் டப்பென்று விழுந்தது.

"நான்தான் கண்ணு."

"எல்லாமே புள்ளி."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சேவா பதிச்சீங்க?"

"வண்டியில வந்து இறங்கினதே புள்ளிக் கல்லு மட்டும்தான். கோட்டுக் கல்லு எங்கன்னு கேட்டேன். இதுதான் வந்திருக்கு, இதையே போடுன்னார் கான்ட்ராக்டர். கோடு இல்லாம இது தப்புங்கன்னு சொன்னேன். கல்லு கல்லுதான், உனக்குப் பதிக்கத்தானே கூலி, யோசிக்கறதுக்கா கூலின்னார்." தண்ணீருக்குள் கைவிட்டுக் கொலுறைத் தேடினார். "நான் மாட்டேன்னா அடுத்தவன் பதிப்பான்."

"அடுத்தவன் பதிச்சிருந்தா அவனுக்குத் தெரியாது, அறியாமப் பண்ணிட்டான்னு போயிடலாம். உங்களுக்குத் தெரியுமேப்பா! இதே நடையில கண்ணை மூடிட்டு நடந்தீங்களே! ரெண்டு மாசமா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க, ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா அன்னைக்கே போய் நின்னிருப்போமே, ஒரு கல்லுகூடப் பதிஞ்சிருக்காதே!"

"எந்த முகத்தை வச்சுட்டுச் சொல்லுவேன்?"

"எனக்கு உங்க முகமா தெரியப்போகுது?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. அம்மா எழுந்து வந்து மகளின் முழங்காலுக்குக் கீழே வீங்கியிருந்த இடத்தைத் தொட்டாள். "இது எங்க இடிச்சது?" என்றாள். "கோலு எங்க?" என்றாள். மகள் சொன்னாள். பஸ், சக்கரம், பாதி பையைப் பிடித்து இழுத்தது எல்லாம். அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றிலிருந்து மூன்று நாள் பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விழா நாளன்று ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. வெயிலில் ஒரு மணி நேரம் காக்க வைத்த பிறகு நகராட்சித் தலைவர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, தொண்டை கட்டின குரல். பதினொரு பேரையும் ஒரே நிறச் சட்டை போடச் சொல்லி முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா தனக்கு ஒதுக்கின நாற்காலியை விட்டுவிட்டு அவர்களோடு வந்து நின்றாள். என்ன செய்யப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் வகுப்பறையில் எல்லோரும் சேர்ந்து பேசினது அவள் எதிரில்தான்.

பொறியாளர் மீட்டரின் காதருகே குனிந்தார். "பதினஞ்சு எட்டு போதும்மா. பக்கத்துல ஒரு பொண்ணு கையைப் பிடிச்சுட்டு வருவா."

"கை வேணாம் சார். அதான் கல்லு இருக்கே."

அவள் போய் முதல் கல்லின் மேல் நின்றாள். கேமராக்கள் படபடத்தன. அறிவிப்பாளர், "இதோ, தன்னம்பிக்கையோடு நடந்து வருகிறார்" என்று இழுத்தார். அவள் நடக்கவில்லை. "வருகிறார்" என்றார் மறுபடி. நின்றுகொண்டே இருந்தாள். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது.

"நடம்மா" என்று பல்லிடுக்கில் சொன்னார் பொறியாளர்.

"நிக்கச் சொல்லுது சார்."

"யாரு சொல்றா?"

"நீங்க போட்ட கல்லு. புள்ளின்னா நில்லுன்னு அர்த்தம். இங்கேர்ந்து கடைசிவரைக்கும் புள்ளிதான். நான் எப்படி நடக்கறது?"

மற்ற பத்துப் பேரும் வரிசையாக வந்து ஆளுக்கொரு கல்லில் ஏறி நின்றார்கள். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவர் அவள் தோளில் கை வைத்தார்.

"ஏம்மா, பயமா இருக்கா?"

"பயம் இல்லம்மா. கோவம். எட்டு நாளுக்கு முன்னாடி இந்தக் கல்லை நம்பி நடந்து பஸ்ஸுக்குக் கீழ போகப் பார்த்தேன். எப்படிப் பதிக்கணும்னு நாலு மாசம் உழைச்சு எழுதிக் குடுத்தோம். யாரும் படிக்கல."

"வாசல்ல வரைபடம் இருக்குன்னு சொன்னாங்களே?"

"இருக்கும்மா" என்றான் பாதி. "கண்ணாடிக்குள்ள பத்திரமா இருக்கு. ஈகூடத் தொட முடியாது."

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். பொறியாளர் முன்னால் வந்தார். "மேடம், மேஸ்திரி பண்ணின தப்பு மேடம். தெரியாமப் பதிச்சுட்டான். விசாரிச்சு நடவடிக்கை எடுக்கறோம்."

"தெரியாமப் பதிக்கல."

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் மீட்டர் அந்தப் பக்கம் திரும்பினாள். வேலையாட்களைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காய்த்த முழங்காலோடு அவர் நடக்கும் நடையை அவள் எந்தச் சந்தடியிலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"நான்தாங்க மேஸ்திரி. தெரிஞ்சேதான் பதிச்சேன். தப்புன்னு சொன்னேன், கேக்கல. அதுக்கப்புறமும் பதிச்சேன், அது என் தப்பு. ஆனா இந்தக் கல்லை நான் வாங்கல. வாங்கினவங்களும் போடச் சொன்னவங்களும் இங்கதான் நிக்கறாங்க."

"யோவ், வாயை மூடுய்யா" என்றது கான்ட்ராக்டரின் குரல்.

"இவ்ளோ நாள் மூடித்தாங்க இருந்தேன்" என்றார் அப்பா.

இப்போது பெரிதாக ஏதோ நடக்கும் என்று மீட்டர் எதிர்பார்த்தாள். தலைவரோ, "சரி, பார்த்து சரி பண்ணிடுங்க" என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டு, ரிப்பனை வெட்டி, காரில் ஏறிப் போய்விட்டார். கைதட்டலும் இருந்தது.

மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்திருந்தது. பாதி மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தான்: "நெகிழ்ச்சியில் நடக்க முடியாமல் நின்றுவிட்ட மாணவி."

"நெகிழ்ச்சியா? எனக்கா?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அன்றே பத்திரிகை அலுவலகத்துக்குப் பதினொரு பேரும் கையெழுத்திட்டு எழுதினார்கள். நாலு நாள் கழித்து உள்பக்க மூலையில் இரண்டு வரித் திருத்தம் வந்தது. அதைவிட, கூட்டத்தில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி போனில் எடுத்த வீடியோதான் வேலை செய்தது. "நிக்கச் சொல்லுது சார்" என்று மீட்டர் சொல்வது ஊர் முழுக்கக் கைக்குக் கை போயிற்று. கடைத்தெருவில் சிறுவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி விளையாடினார்கள். அலுவலகத்துக்கு வேறு வழியில்லாமல் போனது.

அப்பாவைக் கான்ட்ராக்டர் விழா நாளன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். விழா முடிந்து அவரும் மகளும் நடந்தேதான் வீட்டுக்கு வந்தார்கள். கடைத்தெருவைத் தாண்டியதும் அப்பா வாயைத் திறந்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் கண்ணு."

"ஆமாப்பா. சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் சாலையைக் கடக்கும்போது அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடந்த பிறகும் விடவில்லை. வீட்டில் அம்மா அவருக்குச் சோறு போட்டு, "எங்க வேலை கிடைக்காமப் போயிடும்?" என்றாள். மூன்று வாரத்தில் வேறு ஊர் எல்லையில் ஒரு வீட்டு வேலை கிடைத்தது. இப்போது அவர் விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்துப் பஸ் நிலையத்தில் கல்லைப் பெயர்த்தார்கள். இந்த முறை மீட்டரும் பாதியும் கூப்பிடாமலே போய் நின்றார்கள். புது மேஸ்திரி, ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் அவளைக் காலை வைத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு இடத்தில் கோடு குறுக்கே விழுந்திருந்தது. முணுமுணுக்காமல் எடுத்துத் திருப்பி வைத்தார். பெஞ்சு சுவரோரம் போனது. கண்ணாடிப் பெட்டியைக் கழற்றினவர் அந்தக் காவலாளிதான். கழற்றிவிட்டு, "எங்க, எப்படிப் படிக்கறதுன்னு எனக்கும் சொல்லும்மா" என்று தன் விரலை நீட்டினார். இடுப்பு உயரத்தில் சாய்ந்து நிற்கும் அந்தப் படம் இன்று கைபட்டுக் கைபட்டு எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. பாதிக்கு அதைப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் மாற்றியது வாசலிலிருந்து ஆறாவது நடைமேடை வரைதான். மிச்சம் அடுத்த கட்டத்தில் என்றார்கள். பொறியாளரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் இப்போது நூலகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

மீட்டரின் பஸ் ஒன்பதாவது நடைமேடையில் நிற்கிறது. தினமும் காலையில் ஆறுவரை கோட்டைப் பிடித்து வேகமாக வருவாள். ஆறைத் தாண்டியதும் காலுக்கடியில் புள்ளிகள் தொடங்கும். அங்கிருந்து அறுபத்து மூன்று எட்டு, புதுக் கோலை விளிம்புப் பக்கம் நீட்டி, பஸ்களின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கிறாள். திங்கட்கிழமைதோறும் அலுவலகத்துக்கு ஒரு மனு போகிறது. இதுவரை பதினேழு போயிருக்கிறது, பதினேழாவதை வாங்கும்போது, "இன்னும் எத்தனை வாரம்மா எழுதுவ?" என்று கேட்டாராம் எழுத்தர்.

"ஆறு நடைமேடை பாக்கி சார்" என்று சொல்லிவிட்டு, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.